ஞானமுத்து அண்ணன் கேட்ட ஜெபம்

நான் வேலை பார்த்த பிரிவில் படிவத்தை மாற்றப் போகிறார்களாம். புதிதாக ஒரு கட்டம். 'ஆன்மிகத் தேவை: உண்டு, இல்லை.' நோயாளியின் வீட்டுக்குப் போகிற நர்ஸ் அதில் ஒரு டிக் போட வேண்டும். ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இரண்டு மாதமாக இதற்குத்தான் சண்டை. மிஷன் ஆஸ்பத்திரி வெறும் ஆஸ்பத்திரியாகிவிட்டது, ஆண்டவர் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறோம் என்று ஒரு கூட்டம். செய்கிற வேலையே நம் விசுவாசம், அதற்கு மேல் வாய் எதற்கு என்று இன்னொரு கூட்டம். இப்போது அங்கே நர்ஸாக இருக்கும் ஜெனிபர் மூன்று தடவை எனக்குப் போன் செய்துவிட்டாள். "முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கீங்க. இந்தக் கட்டம் வேணுமா வேண்டாமான்னு நீங்க எழுதித் தாங்கக்கா."

வேணுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது, முட்டி இன்னும் மேடு ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்து வலிக்கிறது. சண்டைக்குப் போகத் தெம்பில்லை. ஆனால் ஞானமுத்து என்ற ஒரு மனிதரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சாவதற்கு முன்னால் மனதில் கிடந்த ஒன்றை ஒருவரிடம் சொல்லி, அதற்காக ஒரு ஜெபம் பண்ணச் சொல்ல வேண்டும் என்று அவர் பதினோரு வாரம் காத்திருந்தார். காத்திருந்தது எனக்காக. பதினோரு வாரமும் நான் போனேன். அவர் கேட்ட அந்த ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. அதை எழுதுகிறேன். ஜெனிபர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறாளோ எடுத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. பள்ளி முடித்ததும் கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்கி நர்சிங் படித்தேன். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், அழுதேன், தேறினேன். திரும்ப மலையேறி மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வார்டில் பல வருஷம் ஓடியபின், குணமாகாத நோய்க்காரர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் பிரிவைத் தொடங்கினார்கள். பாலியேட்டிவ் என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லயத்து ஆட்களோடு பேசத் தெரியும், சரிவில் ஏறி இறங்கத் தெரியும் என்பதற்காக என்னை அதில் போட்டார்கள்.

அந்தப் பிரிவுக்குத் தலைவி எங்கள் டாக்டரம்மா. வேலந்தாவளத்துக்காரர். மலைக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சில் கொங்கு போகவில்லை. என்னைவிட மூத்தவர், பெரிய டாக்டர், ஆனாலும் துப்புரவு செய்கிற பெண்ணிடம்கூட ங்க போட்டுத்தான் பேசுவார். அந்த ங்கவுக்கு எல்லோரும் பயப்படுவோம். காலையில் ஜீப் கிளம்பும்போது எங்கள் நகத்தைப் பார்ப்பார். சாயந்திரம் ஜீப் திரும்பும்போது வாசலிலேயே நிற்பார், உள்ளே போகவிடமாட்டார். மூன்று கேள்வி. "வலி பத்துக்கு எத்தனைங் சிஸ்டர்? புண்ணு எப்புடி இருக்குதுங்? ஊட்டுல யாரு அழுதாங்க?" மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் வந்தால், மறுநாள் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை அனுப்பிவிடுவார். இவ்வளவு பார்க்கிறவர் யாரையும் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்ததில்லை. அவர் விடியும் முன்னே எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் இருப்பார் என்பது பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு வீடு, மாரியப்பன் என்று ஒருவர், கழுத்தில் கட்டி. இந்து வீடு. எங்களோடு வந்த ஒரு பெண் ஆர்வக்கோளாறில் ஒரு சின்ன சுவிசேஷப் புத்தகத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை போனபோது அவருடைய அண்ணன் அந்தப் புத்தகத்தை ஜீப்புக்குள் போட்டார். "எங்க சாமி எங்களுக்கு இருக்கு சிஸ்டர். நீங்க மருந்துக்கு வந்தீகளா, ஆள் பிடிக்க வந்தீகளா?" கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு வாரம் மாரியப்பன் வலிக்கான மார்ஃபின் மாத்திரை இல்லாமல் கத்தியது லயம் முழுக்கக் கேட்டதாம். டாக்டரம்மா தானே போய், மழையில் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்த வாரமே மாரியப்பன் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் டாக்டரம்மா சொன்னார்: "இனிமே யாரு ஊட்டுலயும் நாம வாயத் தொறக்கறதில்லைங்க. கை மட்டும் பேசட்டும். அவங்களா கேட்டா ஜெபம் பண்ணோணும். கேக்கலீன்னா இல்லைங்."

நல்ல சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அது எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்க வேண்டியதில்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதும் இல்லை. காலையில் சிற்றாலயத்தில் ஐந்து நிமிஷ ஜெபம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்குப் போக வேண்டிய வீடுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். உபவாச ஜெபத்துக்கு ஏன் வருவதில்லை என்று சபையில் கேட்டால், "பாட்டுப் பாட நேரம் இருக்கிறவங்க பாடட்டும், எனக்குப் புண்ணு கழுவணும்" என்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு மிதப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசையில் உட்காருகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு.

புண் கட்டுவதில் எனக்கு இணை கிடையாது. இதில் அடக்கம் காட்ட மாட்டேன். முதல் தடவை போகும்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுவேன்: நான் வருகிற அன்றைக்கு ஒரு ஸ்டூல், துவைத்து வெயிலில் காய்ந்த ஒரு துணி, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், இவை தயாராக இருக்க வேண்டும். ஸ்டூலில் துணியை விரித்து அதன்மேல் என் தட்டை வைப்பேன். பழைய கட்டைப் பிய்க்கக் கூடாது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற வைத்து, அதுவாகக் கழன்று வரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. புழு இருந்தால் டர்பன்டைனில் நனைத்த துணியைப் பக்கத்தில் பிடித்தால் வெளியே வரும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து தூவ வேண்டும். முகம் மாறக் கூடாது. அதுதான் கடினம். முகம் மாறாமல் இருப்பதற்காக நான் பேசிக்கொண்டே இருப்பேன், மழை, ஏலக்காய் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எதையாவது.

ஞானமுத்து அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் அறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் சபைக்காரர்தான். மகனுக்கு எஸ்டேட்டில் வேலை இருந்ததால் லயத்து வீடு கையை விட்டுப் போகவில்லை. வெற்றிலை, புகையிலை, அப்புறம் கன்னத்துக்குள் புண். நான் பார்க்கப் போனபோது புண் தாடையைத் துளைத்து வெளியே திறந்துவிட்டிருந்தது. பேச்சு குழறும். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டால் புரியும், அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்குப் புரிந்தது. எனக்கு அவ்வளவு நேரம் ஏது? அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். இன்னும் நாலு வீடு இருக்கும், கீழே டிரைவர் ஹார்ன் அடிப்பார்.

அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நான் போகும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஓரத்தில் பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி விரித்திருக்கும். அதன்மேல் அவர்களுடைய வேதப்புத்தகம். காலையில் வாசித்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, ஈரம் பட்டுவிடக் கூடாதே என்று புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து அலமாரியில் வைப்பேன். தட்டை ஸ்டூலில் வைத்து வேலையைத் தொடங்குவேன். அண்ணன் கையை நீட்டி ஸ்டூலைக் காட்டுவார். "இந்தா ஆச்சு அண்ணே, இப்பக் கட்டிருவோம்" என்பேன். அவர் கையை இறக்கிவிடுவார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ எஸ்தர் அக்காவிடம் சொன்னேன், "இவ்வளவு நல்ல துணிய இதுக்கு எடுக்காதீங்கக்கா, கறை படும்." அக்கா, "இருக்கட்டும் சிஸ்டர்" என்றார். அடுத்த வாரமும் அதே துணி. கறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு விரித்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து இந்த வீட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், சுத்தம் என்றால் ஞானமுத்து அண்ணன் வீட்டைப் போய்ப் பாருங்கள் என்றேன். படிவத்தில் ஜெனிபர் சொல்கிற அந்தக் கட்டம் அன்றைக்கு இருந்திருந்தால், 'இல்லை' என்று டிக் போட்டிருப்பேன். மனதாரப் போட்டிருப்பேன்.

பதினோராவது வாரம் அவர் நிலைகொள்ளவில்லை. தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். நான் தட்டை வைத்ததும் கையால் தட்டிவிட்டார். கத்தரியும் பஞ்சும் தரையெல்லாம் சிதறின. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னார். மூச்சுத்தான் வந்தது. கடைசி நாட்களில் வருகிற அமைதியின்மை ஒன்று உண்டு, நூறு பேரிடம் பார்த்திருக்கிறேன். இது அதுதான் என்று முடிவு கட்டினேன். போன் சிக்னலுக்காகச் சாலை வளைவுக்கு ஏறிப் போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் அவசரப்படவில்லை. "யூரின் போனாருங்களா? வயித்தத் தொட்டுப் பாத்தீங்களா, கல்லாட்டம் இருக்குதுங்களா? காச்சல்?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாகக் கேட்டார், "பயந்திருக்காருங்களா சிஸ்டர்? மனசுல ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"இல்லம்மா," என்றேன். "கடைசி நேரத்து ரெஸ்ட்லெஸ்னெஸ்தான். நான் பார்த்துட்டேன்."

அண்ணனைக் கேட்காமலே சொன்ன பதில் அது. டாக்டரம்மா என்னை நம்பித் தூக்க ஊசிக்கு அனுமதி கொடுத்தார். போட்டேன். கால் மணி நேரத்தில் அண்ணன் அடங்கினார். கட்டைப் பிரமாதமாகக் கட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் சரியாகக் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் இறந்தார். தூங்குகிற மாதிரி போனார், சிஸ்டர் புண்ணியம் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் திருப்தியாகவே இருந்தது.

இறப்புக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும், தண்ணீர்ப் படுக்கையைச் சுருட்ட வேண்டும், வீட்டாரோடு பத்து நிமிஷம் பேச வேண்டும். போனேன். கட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் ஸ்டூல், அதே வெள்ளைத் துணி, வேதப்புத்தகம். நான் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மாத்திரைகளை எண்ணுவதற்காகத் துணியின்மேல் கொட்டினேன்.

எஸ்தர் அக்கா பால் விடாத கட்டங்காப்பியோடு வந்து நின்றார். "இன்னைக்கும் அதுமேல மருந்துதானா சிஸ்டர்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஏன்க்கா?"

"அது ஜெபத்துக்குப் போட்ட ஸ்டூலு."

எங்கள் மலையில் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபத்துக்கு ஆள் வருவதானால் அப்படித்தான் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வேதப்புத்தகம் வைப்பார்கள். அதைப் பார்த்தாலே வருகிறவர்களுக்குத் தெரியும், வாயால் கேட்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாததா? என் அம்மா எத்தனை தடவை விரித்திருக்கிறாள், எத்தனை தடவை நானே ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஒவ்வொரு வாரமும் நீங்க வர்ற அன்னைக்குக் காலையிலயே அவுக கையக் காட்டுவாக, விரிச்சு வையின்னு," என்றார் அக்கா. "நானும் விரிச்சு வைப்பேன். நீங்க வந்து புத்தகத்த எடுத்து அலமாரியில வச்சிருவீக."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்பிடிச் சொல்ல? பெத்த மகனே அந்த நாத்தத்துக்கு வாசல்ல நிப்பான். நீங்க மூஞ்சி சுளிக்காம உக்காந்து புழு எடுக்குறீக. உங்ககிட்டப் போயி, இது பத்தாது, ஜெபமும் பண்ணுங்கன்னு எந்த வாயால கேக்க?"

என்ன சொல்ல இருந்தார் அண்ணன் என்று கேட்டேன். அக்காவுக்கும் முழுதாகத் தெரியவில்லை. "ஃபேக்டரியில இருந்தப்ப ஒரு ஆளுக்குத் தீங்கு பண்ணிட்டாகளாம். அத ஒருத்தர்கிட்டச் சொல்லி ஜெபம் பண்ணாம ஆண்டவர் முன்னால எப்பிடிப் போயி நிக்கன்னு அழுவாக. என்ட்டச் சொல்லல. சிஸ்டர் வெளிய இருந்து வர்றவுக, அவுககிட்டச் சொல்லுறேன்னாக."

"பாஸ்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவரு வீல்சேர் கொண்டாந்தாரு. கூட இருவது பேரு. போட்டோ எடுத்துட்டு, நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. அத்தனை பேரு முன்னாடி எப்பிடிச் சொல்லுவாக? தீங்குபட்டவன் சொந்தக்காரங்க அடுத்த லயத்துல இருக்காக."

நான் மாத்திரைகளை வாரி டப்பாவில் போட்டேன். எண்ணவில்லை. ஊசி போட்ட அன்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி கையில் இருந்தது. அந்த ஊசியைப் பற்றி அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. இன்றைக்கு இங்கே எழுதுகிறேன். பயந்து நடுங்கிக் கிடந்த ஒரு மனிதரை நான் தூங்க வைத்தேன். வலி இல்லாமல்தான் போனார், அதில் சந்தேகமில்லை. பயத்தோடு போனார்.

"இப்பப் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டேன். வேதப்புத்தகத்தை எடுத்து வந்து துணியின்மேல் வைத்தேன். முழங்கால் போட்டேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்தது என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். அடைக்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கையைப் பேசவிட்டுப் பேசவிட்டு எனக்கு வாய் மறந்துபோயிருந்தது. டாக்டரம்மா விடியும் முன்னே எழுந்து எதைச் சேர்த்து வைத்துக்கொண்டாரோ அதை நான் சேர்க்கவே இல்லை.

எஸ்தர் அக்கா என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, கொழுந்துக் கறை போகாத கையை என் தலையில் வைத்தார். "ஆண்டவரே, அவுக சொல்ல வந்தத நீரே கேட்டுக்கிடும். சிஸ்டருக்கு நேரமில்லாமப் போச்சு. பாவம், அவுகளுக்கும் ரொம்பக் களைப்பு. அவுகளையும் பாத்துக்கிடும். ஆமென்."

அதில் குத்தலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நானும் ஆமென் என்றேன். காப்பியைக் குடித்தேன். கீழே ஹார்ன் அடித்தது. "சிஸ்டரே, நேரமாயி" என்று மலையாளி டிரைவர் கூப்பிட்டார். தண்ணீர்ப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த வீடு இரண்டு வளைவு தள்ளி. தங்கராசு, சர்க்கரையில் பாதம் அழுகிக் கிடந்தவர். அவருடைய புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். கையைக் கழுவினேன். வழக்கமாக அந்த நிமிஷத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இருப்பேன். அன்றைக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கையில் எதுவும் இல்லை. பேசவும் இல்லை. அவர் ஏதாவது சொல்ல நினைத்தால் சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கராசு என்னைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், ஒண்ணும் பண்ணாம உக்காந்துட்டீக?" என்று கேட்டார். "எனக்கு அவ்வளவு முத்திப்போச்சா?"